உப்புப் பூத்த தொட்டி

சமையலறையில் தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஓடத் தொடங்கும்போது முதலில் ஓர் இருமல். அப்புறம் ரீங்காரம். பிறகு அதன் அடிவயிற்றிலிருந்து தொங்கும் வெள்ளைக் குழாய் வழியே கழிவுத் தண்ணீர் வாளிக்குள் விழும் சத்தம். மெலிதாக, விடாமல், யாரோ பல்லிடுக்கில் சிரிப்பதுபோல. இந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பக்கத்து வீட்டில் ஓடினாலும் வருகிறது. அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்கு ஓர் இயந்திரம், எப்போதும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே எனக்குள்ளும் எப்போதும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கிறது.

யார்மேல் கோபம் என்று கேட்டால், ஒரு வருஷம் முழுக்கப் பலர்மேல் இருந்தது. அந்த வருஷத்தில் என் வீட்டில் அக்காவின் செடி இருந்தது.

அக்கா வீடு ஆவடி தாண்டி, முத்தாபுதுப்பேட்டைப் பக்கம், குவார்ட்டர்ஸ். மாமா தொழிற்சாலைக்காரர். அவரை ஒரு வருஷத்துக்கு வடக்கே வேறொரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். சர்க்கரை உடம்பு, தனியாக விட்டால் மூன்று வேளையும் டீயும் பிஸ்கட்டும்தான் என்று அக்காவும் கூடக் கிளம்பினாள். பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாம் நாத்தனார் வீட்டு மாடிக்குப் போயின. செடி மட்டும் என்னிடம் வந்தது.

மான்ஸ்டெரா என்று நர்சரியில் சொல்வார்கள். முறம் அகலத்துக்கு இலை. ஓரத்திலிருந்து நடுநரம்புவரை விலா எலும்பு விலா எலும்பாகப் பிளந்த இலை. என் நெஞ்சுயரம் வளர்ந்து, தேங்காய் நார் சுற்றிய கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. அக்காவிடம் வேறு செடிகள் இருந்தன. அதெல்லாம் துளசி, கற்றாழை, ஓமவல்லி. இதற்கு மட்டும் பேர் கிடையாது. இது ‘செடி’. எட்டு வருஷத்துக்கு முன் அப்பா இறந்த மாதத்தில் யாரோ கொடுத்த ஒரு கணுவை ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணீரில் போட்டு வேர்விட வைத்து, ஜன்னலோரம் அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் தொட்டியை வைத்தாள். கட்டிலை எடுத்த பிறகு அந்த இடம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். அவள் எதையும் சொல்லமாட்டாள், திட்டுவதைத் தவிர.

“மேல்மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி. நல்ல தண்ணி ஊத்து, போர் தண்ணி வேணாம். ஈரத் துணியால இலையத் துடை. நேர் வெயில் படக்கூடாது. அவ்வளவுதான்டா.”

“பாத்துக்கறேங்கா.”

“நீ பாத்துக்கறேன்னு சொன்னாலே எனக்கு வயித்தக் கலக்குது.”

மாமா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “விடும்மா, செடிதானே. அவன் பாத்துப்பான்” என்றார்.

“எத முழுசாப் பாத்திருக்கான்? ஆறு வேலை, ஒரு கல்யாணம். எது ஒண்ணாவது ஒப்பேறிச்சா?” என்றாள் அக்கா.

நான் சிரித்தேன். ஐம்பதை நெருங்கும் ஒருவன் அக்காவின் முன்னால் சிரிக்கும் சிரிப்பு அது, உள்ளே நாக்கைக் கடித்துக்கொண்டு. லிஃப்டின் கதவு மூடியதும் செடியின் முன்னால் நின்று முடிவு செய்தேன். ஒரு வருஷம். ஒரு செடி. இதை நான் வாங்கிய மாதிரியே, வாங்கியதைவிட நன்றாக, அவள் கையில் கொடுப்பேன். அந்த வாய் ஒரு நிமிஷமாவது மூடும். பாசம் என்று பொய் சொல்ல மாட்டேன். வீம்புதான். ஆனால் வீம்புக்கும் விடிகாலையில் எழுந்து மண்ணில் விரல் வைத்துப் பார்க்கத் தெரியும்.

ஏரி பக்கத்திலேயே கிடக்கிறது, எங்கள் குழாயில் வருவதோ ஆழ்குழாயிலிருந்து ஏறும் போர் தண்ணீர். குழாய் முனையில் வெள்ளையாக ஓடு கட்டும். ஷவரில் பாதி ஓட்டை அடைந்திருக்கும். குளித்தால் தலைமுடி கயிறாகும். குடிக்க வேண்டுமென்றால் ஆர்.ஓ.தான், அதுவோ நமக்குக் கொடுப்பதைவிட வெளியே தள்ளுவதே அதிகம். ஒரு கோடையில் போர் வற்றி, தண்ணீர் லாரிக்காக வாசலில் காத்துக் கிடந்தபின், அசோசியேஷன் ஒரு விதி போட்டது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை யாரும் சாக்கடையில் விடக்கூடாது, வாளியில் பிடிக்க வேண்டும். லிஃப்டுக்குள் ஒட்டிய அறிவிப்பை எழுதிக் கொடுத்தது நான். ‘கழிவு என்று உலகில் எதுவுமில்லை, நாம் கைவிடுவதே கழிவாகிறது’ என்று தொடங்கி, கீழே உபயோகங்கள். வீடு துடைக்க. கழிப்பறைக்கு. செடிக்கு. செயலாளர் கொடுத்த குறிப்பில் முதல் இரண்டுதான் இருந்தன. மூன்றாவதை நான் சேர்த்தேன். இரண்டோடு நின்றால் வாசகம் நொண்டுவதாக எனக்குப் பட்டது.

அந்த வாளித் தண்ணீரைத்தான் அக்காவின் செடிக்கு ஊற்றினேன். அவள் சொன்னதை மறந்து அல்ல. குடிக்கிற தண்ணீரை எடுத்துச் செடிக்கு ஊற்றுவது திமிர் என்று எனக்குத் தோன்றியது. இதுவும் இயந்திரத்துக்குள் போய் வந்த தண்ணீர்தானே, கண்ணாடிபோலத்தானே இருக்கிறது. ஒரு சொட்டுகூட வீணாகவில்லை என்ற பெருமையோடு, குவளை குவளையாக, அதன் வேருக்கு ஊற்றினேன்.

முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்தது. ஒரு புது இலை வந்தது. சுருட்டிய காகிதம்போல, வெளிர்பச்சையில், தண்டின் மடியிலிருந்து கூராக நீண்டு, நாலு நாள் அப்படியே நின்று, ஐந்தாம் நாள் காலை நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் பாதி விரிந்திருந்தது. ஈரமான காதுபோல இருந்தது. தொட்டால் கன்றிவிடும் என்று தொடவில்லை. வேலையைப் போட்டுவிட்டு அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டில் என்னைத் தவிர இன்னோர் உயிர் அன்றாடம் ஏதோ செய்துகொண்டிருந்தது அதுதான் முதல் தடவை, மனைவி விட்டுப் போனபின்.

ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் அக்கா வீடியோவில் வருவாள். என் முகத்தைப் பார்க்கமாட்டாள். “செடியக் காட்டு” என்பாள். காட்டுவேன். புது இலையைக் காட்டிய அன்று திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள். “ம்” என்றாள். அந்த ‘ம்’மை நான் ஒரு வாரம் வைத்து நக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் ஓர் இலையின் ஓரத்தில் பழுப்பு. தீக்குச்சியால் சுட்ட மாதிரி. அப்புறம் அடுத்த இலையில். பிறகு இலை ஓரமெல்லாம் அப்பளம்போல நொறுங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த புது இலை பிளவே இல்லாமல், வெற்றிலையளவில், சுருள் பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. முதலில் மேற்கு வெயில். திரை வாங்கி மாட்டினேன். அடுத்து நெடுஞ்சாலைத் தூசி. பிறகு மேல்வீட்டில் காயும் துணியிலிருந்து சொட்டும் சோப்புத் தண்ணீர். அது என் பால்கனிக் கம்பியைத் தாண்டி உள்ளே வரவே முடியாது, ஆனாலும் போய்ச் சண்டை போட்டேன். கடைசியில் எதிர்வீட்டு ஏ.சி. அனல். போய் அவர்கள் கதவைத் தட்டினேன். ஐ.டி. வேலைக்குப் போகும் பெண், காதில் ஹெட்செட்டோடு திறந்தார்.

“உங்க ஏ.சி. அனல் என் செடிமேல அடிக்குதுங்க.”

அவர் எட்டிப் பார்த்தார். “சார், உங்க செடி கண்ணாடிக் கதவுக்கு உள்ள இருக்கு.”

“அனல் வரும்.”

“கதவு மூடியிருக்கு சார்.”

நான் திரும்பி வந்து தொட்டியை வேறு மூலைக்கு நகர்த்தினேன். மறுவாரம் இன்னொரு மூலைக்கு. நாலு மாதத்தில் ஆறு இடம். என் வாழ்க்கையில் நான் செய்ததையெல்லாம் அந்தச் செடிக்கும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டேயிருந்தன. தொட்டியைத் திருப்பினால் ஒரு பக்கத்தில் மூன்று இலைகள் இன்னும் சுமாராக இருந்தன. அந்தப் பக்கத்தைக் காமிராவுக்குக் காட்டினேன். பழுப்பான ஓரங்களைச் சுவர்ப்பக்கம் தள்ளினேன். ஆனாலும் நிறம் செத்திருந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஒருநாள் பார்த்தார்.

“இன்னா சார், எல சோந்து போயி கீது.”

“என்ன பண்றதுன்னே தெரியலம்மா.”

“நாலு சொட்டு தேங்கா எண்ண வெச்சித் தொட்ச்சின்னா சும்மா கண்ணாடி கணக்கா மின்னும். எங்க ஓனர் ஊட்ல அப்டித்தான் பண்ணுவோம், பொண்ணு பாக்க வந்தாங்கன்னா.”

“செடியையா?”

“செடியயும்தான்.”

அவர் சிரித்தார். நான் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தேன். இலைக்கும் மூச்சு உண்டு, எண்ணெய் அதை அடைக்கும் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அன்று ஞாயிறு.

“பளபளன்னு இருக்கேடா,” என்றாள் அக்கா. பக்கத்தில் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். “பாருங்க, இவனா இதுன்னு. பரவாயில்ல, நீயும் மனுஷனாயிட்ட.”

எத்தனை வயதில் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை. தொலைபேசியை அணைத்தபின் கூடத்தில் தனியாக நடந்துகொண்டேயிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய், ஒவ்வொரு ஞாயிறும் திருப்பம். எண்ணெயில் தூசி ஒட்டி, தூசிமேல் எண்ணெய் ஏறி, இலையில் விரல் வைத்தால் பிசுக்கென்று பிடித்தது.

பத்து நாளில் வருகிறோம் என்றாள் அக்கா ஒரு ஞாயிறு. மறுநாளே செடியை ஆட்டோவில் ஏற்றினேன். இரண்டு பக்கமும் இலை வெளியே அடித்துக்கொள்ள, பூந்தமல்லி நெடுஞ்சாலையில், கல்லூரிப் பேருந்துகளுக்கு நடுவே, வேலப்பன்சாவடியில் ஒரு நர்சரிக்குக் கொண்டுபோனேன். நர்சரிக்காரருக்கு என் வயது இருக்கும். செடியை அவர் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தார். மேல்மண்ணில் வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. தொட்டி விளிம்பில், அடித்துளையில், எங்கும் அதே வெள்ளை. அதை நான் பூஞ்சை என்று நினைத்திருந்தேன்.

“இன்னா அண்ணாத்தே, உப்பு போட்டு ஊறுகா வெச்சிகினு கீற.”

“என்னங்க?”

நகத்தால் அந்த ஏட்டைச் சுரண்டி என் முன்னால் நீட்டினார். “நக்கிப் பாரு.”

நக்கினேன். கரித்தது.

“இன்னா தண்ணி ஊத்துற?”

“ஆர்.ஓ. தண்ணி.”

“நல்லதா, வேஸ்ட்டா?”

நான் குனிந்து தொட்டியின் அடித்துளையைப் பார்த்தேன்.

“அயனம்பாக்கம் பக்கம் ஃப்ளாட்டா? அங்கேந்து வரவங்க பாதிப்பேரு இதே கேசுதான். தண்ணில கீற உப்பெல்லாம் எட்த்து அந்த வேஸ்ட்டு குழாய்லதான் உடுது மிசினு. அத்த வாளில புட்ச்சி, பத்திரமா கொண்டாந்து, செடிக்கு ஊத்துறீங்க. பினாயில் ஊத்திக் கூட்டலாம், செடிக்கு ஊத்தலாமா? எவன் சொன்னான் ஊத்தச் சொல்லி?”

எவன் சொன்னான் என்று எனக்குத் தெரியும். நாற்பது வீட்டுக்கும் அழகு தமிழில் எழுதி ஒட்டியவன் அவன்.

வைத்தியம் சொன்னார். நல்ல தண்ணீரைத் தொட்டி நிறைய ஊற்றி அடியில் வழியவிட வேண்டும், அது போல நாலைந்து முறை. எண்ணெயை இளஞ்சோப்பு நீரில் துடைத்தெடுக்க வேண்டும். எரிந்த ஓரம் எரிந்ததுதான், பச்சையாகாது. புது இலை ஒழுங்காக வந்தால்தான் பிழைத்ததென்று அர்த்தம், மூன்று நாலு மாதம் ஆகும். “எடத்த மட்டும் மாத்தாத. வண்டில ஏத்தி எறக்காத. இப்பவே காத்துல பாதி போச்சு.”

“பத்து நாள்ல அக்கா வராங்க. அவங்க செடி.”

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். பின்னால் நிழல்வலைக்குள் அழைத்துப் போனார். அங்கே ஒரு மான்ஸ்டெரா நின்றது. அதே உயரம். பச்சையென்றால் அப்படியொரு பச்சை. “இத்த எட்த்துகினு போ. அக்காவுக்கு இன்னா தெரியப்போவுது. அந்த இத்துப்போனத இங்க உட்டுடு, நான் பாத்துக்குறேன்.”

ரொம்ப நேரம் அதன் எதிரே நின்றேன். எடுத்திருப்பேன். நல்லவன் என்பதால் எடுக்காமல் விடவில்லை. அக்காவின் செடியில் இரண்டாம் கணுவில், கம்போடு சேர்த்து, அவளுடைய பழைய நீலப் புடவைக் கரையைக் கிழித்துக் கட்டிய முடிச்சு இருந்தது. அதை அவிழ்த்து இதில் கட்ட வேண்டும். என் விரல்கள் அந்த முடிச்சை அவிழ்ப்பதை நான் மனசுக்குள் பார்த்தேன். நல்ல சாமர்த்தியமான விரல்கள். அவற்றைப் பார்க்கக் குமட்டியது. “ஆட்டோவக் கூப்பிடுங்க” என்று கத்தினேன். பாவம், அந்த மனிதர் என்ன செய்தார்?

அந்தப் பத்து நாளும் கேன் தண்ணீராக வாங்கி ஊற்றினேன். அடியில் வழிந்த தண்ணீர் தரையில் காய்ந்து கோலப்பொடிபோல வெள்ளை விட்டது. துணியை மாற்றி மாற்றி இலைகளைத் துடைத்தேன். எண்ணெய் போனதும் அசல் நிறம் தெரிந்தது. பத்து நாளில் தேறிவிடும் அளவுக்குச் செடி எனக்கு ஒன்றும் கடன்படவில்லை. மஞ்சளாகி இரண்டு இலைகள் விழுந்தன. இடையில் வந்த ஞாயிறு, மூட்டை கட்டும் வேலையில், அக்கா வீடியோவில் வரவில்லை.

புதன்கிழமை காலை அக்கா வந்தாள். மாமா கீழே குட்டியானைச் சரக்கு வண்டியோடு நின்றார், செடியை ஏற்ற. நான் தொட்டியைத் திருப்பி, மோசமான பக்கம் வாசலைப் பார்க்க வைத்திருந்தேன். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“முந்தின ஞாயித்துக்கிழமை பாத்தேனே. நல்லாத்தான இருந்துச்சு?”

“திருப்பி வெச்சுக் காட்டினேன்.”

“பளபளன்னு?”

“எண்ணெய்.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தொட்டியருகே உட்கார்ந்து மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“நானும் திருப்பித்தான்டா வெச்சேன்.”

“எத?”

“அப்பாவ.”

எனக்குப் புரியவில்லை. அப்பா அக்கா வீட்டில் படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் நான் பூந்தமல்லியில் இருந்தேன், அரைமணி நேரப் பேருந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போவேன்.

“நீ வர்றேன்னா காலையில எழுப்பி, ஷேவ் பண்ணி, பவுடர் போட்டு, முதுகுப் புண்ணு தெரியாம தலகாணி வெச்சு, உன் பக்கமா திருப்பி உக்கார வெப்பேன். அவன் பயந்துடுவான், நல்லா இருக்கற மாதிரி வையின்னு அவர்தான் சொல்லுவாரு. நீ வந்து, ‘நல்லாத்தானக்கா இருக்காரு’ன்னு சொல்லிட்டு, டீ குடிச்சிட்டுப் போவ.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என் குரல் உயர்ந்தது. “நான் என்ன பச்சப்புள்ளையா? எனக்குத் தெரிய வேணாமா? எட்டு வருஷமா எத்தன தடவ குத்திக் காட்டின, இத ஒரு தடவ சொன்னியா?”

“நீ ஏன் பாக்கல? ஒரு தடவ போர்வையத் தூக்கிப் பாத்தியா?”

“நீ மறைச்ச.”

“மறைச்சேன். உன் மூஞ்சில அந்த நிம்மதி வரும்ல, அதப் பாத்துட்டு அவரு அன்னிக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிடுவாரு. அதுக்காக மறைச்சேன். நீ எதுக்குடா மறைச்ச?”

பதில் என்னிடம் இருந்தது. ‘நீயும் மனுஷனாயிட்ட’ என்று நீ சொன்னதற்காக. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள்மேல் கோபம், அப்பாமேல் கோபம், அந்தப் பவுடர் வாசனையை நம்பிய என்மேல் கோபம். எதை எடுத்து எறிவதென்று தெரியாமல் கூடத்தில் நின்றேன்.

கீழே மாமா ஹாரன் அடித்தார். நான் தொட்டியைத் தூக்கக் குனிந்தேன்.

“வெய்யி அத,” என்றாள் அக்கா. “இப்ப வண்டில ஏத்தினா முத்தாபுதுப்பேட்டை போறதுக்குள்ள செத்துடும். வேர் எல்லாம் வெந்து போயிருக்கும். இங்கயே இருக்கட்டும்.”

“நானா பாத்துக்கறது?”

“வேற யாரு? நீதான கெடுத்த.”

பால்கனிக்குப் போய் மாமாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வண்டியைத் திருப்பச் சொன்னாள். திரும்பி வந்து, நீலக் கரை முடிச்சு இறுகிக் கிடந்ததைத் தளர்த்தி, தண்டுக்கு வலிக்காத மாதிரி மறுபடி கட்டினாள். லிஃப்டு மேலே எங்கோ நின்றிருந்தது. அவள் காத்திருக்கவில்லை, முட்டிவலியோடு படியிலேயே இறங்கினாள். நான் பின்னாலேயே முதல் திருப்பம்வரை போனேன்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை வரியாக்கா?”

“ஞாயித்துக்கிழமை வர மாட்டேன்.”

“அப்ப என்னிக்கு?”

“சொல்ல மாட்டேன்.”